மலைமுகட்டில் எழுதிய கணக்கு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் வள்ளுவரைப் பற்றியும் கம்பரைப் பற்றியும் கற்றறிந்த பெரியோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு பார்சல் ஆபீஸ் குமாஸ்தாக்களாகிய எங்களைப் பேசும்படி செயலாளர் பணித்துவிட்டார். நாங்கள் புலவர்கள் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்தவர்கள். எங்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுண்டு, அஃது எண்ணுதல். வந்த மூட்டை எத்தனை, சென்ற மூட்டை எத்தனை, இருப்பு எத்தனை என்று எண்ணி எழுதியே எங்கள் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே எண்ணுதலைப் பற்றியே பேசத் துணிந்தோம். மூட்டைக் கணக்கைக் கூறி உங்களைச் சலிப்புறச் செய்ய மாட்டோம். மலைமுகட்டில் அமர்ந்து, வானவழியே வலசை செல்லும் கழுகுகளை எண்ணும் கணக்கைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

நம்மில் பலர் பதான்கோட்டிற்கு வந்து 15, 20 ஆண்டுகள் ஆகிவிட்டன. மழை விட்ட காலையில் மாடியில் துணி உலர்த்தச் செல்லும் தாய்மார்கள் வடகிழக்கே தௌலாதார் மலைத்தொடரைக் கண்டிருப்பீர்கள். உச்சியில் பனியைக் கண்டவுடன் "கம்பளியை வெயிலில் போட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். நம் கண்ணெல்லாம் தெற்கே செல்லும் வண்டியின்மீதுதான். ஊருக்குச் செல்ல இன்னும் எத்தனை நாள், விடுப்பில் மீதம் எத்தனை நாள் என்று எண்ணுகிறோமே ஒழிய, நாம் வாழும் இம்மண்ணின்மேல் என்ன வருகிறது, என்ன போகிறது என்று தலைதூக்கிப் பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. நாங்களும் அந்தப் பெரும்பான்மையைச் சேர்ந்தவர்களாகத்தான் இருந்தோம்.

எங்களுள் ஒருவருடைய மகள் கல்லூரியில் உயிரியல் படிப்பவள். சென்ற ஆண்டு தீபாவளிக்கு வீட்டிற்கு வந்திருந்தபோது அவள் மாடியில் நின்றவாறே, "அதோ தெரிகிற மலையோரமாகத்தான் இந்த மாதத்தில் ஆயிரக்கணக்கான கழுகுகள் போகின்றன. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எங்களுக்குத் தெரியாது. அன்று முதல் அவள் கொணர்ந்த நூல்களைப் படித்தும், அவள் சொல்லக் கேட்டும் நாங்கள் அறிந்தவற்றையே இங்குக் கூறுகிறோம்.

கழுகு, பருந்து, வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகளிற் பல, குளிர்காலம் வருமுன் வடநாடுகளை விட்டு வெப்பமான நாடுகளை நாடிச் செல்கின்றன. பெரிய கழுகுக்கு உடல் கனம். வழிநெடுகச் சிறகடித்துச் செல்வதென்றால் உடலிலுள்ள கொழுப்பெல்லாம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆதலின் அது காற்றைத் துணைக்கொள்கிறது. மலையின்மீது மோதும் காற்று மேல்நோக்கி எழுகிறது. வெயிலேறியபின் சூடான பாறைகளிலிருந்தும் வெப்பக்காற்று மேலெழுகிறது. கழுகு அந்தக் காற்றில் சுற்றிச் சுற்றி உயர ஏறும். உச்சியை அடைந்ததும் சிறகை விரித்தபடியே அடுத்த காற்றை நோக்கி வழுக்கிச் செல்லும். இவ்வாறு ஒருநாளில் நூறு மைல்களுக்கு மேலும் செல்ல வல்லது. எங்கள் தொழில் மொழியில் சொன்னால், மலைத்தொடரே அவற்றிற்கு மெயின் லைன். பரந்த நாட்டில் சிதறி வாழும் பறவைகளெல்லாம் அந்த வழியில் ஒன்றுகூடுகின்றன. ஆகவேதான் மலைமுகட்டில் ஓரிடத்தில் அமர்ந்தவர், நாடெங்கும் அலைந்தாலும் காண இயலாத கூட்டத்தை அமர்ந்த இடத்திலிருந்தே எண்ணலாம்.

இவ்வாறு எண்ணும் வழக்கம் நன்கு வேரூன்றிய இடம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்தில் கிட்டட்டினி என்னும் நீண்ட மலைத்தொடரில் ஒரு முகடு. அதற்கு இன்று 'ஹாக் மவுண்டன்', அதாவது வல்லூற்று மலை என்று பெயர். அந்நாளில் அங்கு எண்ணுதல் நடக்கவில்லை, கொலைதான் நடந்தது. இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் துப்பாக்கியோடு ஆண்கள் கூட்டமாக ஏறி, கண்ணுக்கு நேரே வழுக்கிச் செல்லும் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவர். உண்பதற்காக அல்ல. நம் ஊரில் கோழிக்குஞ்சைத் தூக்கிய பருந்தைத் தாய்மார்கள் எப்படி வைவார்களோ, அப்படியே அங்கும் வேட்டைப் பறவை என்றால் பகை. மாநில அரசே 1929-இல் கோஷாக் என்னும் பெரிய வல்லூறு ஒன்றைக் கொன்றால் 5 டாலர் பரிசு என்று அறிவித்தது. மேலே பறப்பது கோஷாக்கா, வேறொன்றா என்று பார்த்துச் சுடுவோர் எத்தனை பேர்? எல்லாம் வீழ்ந்தன.

1932-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் போ என்னும் இளைஞர் அங்குச் சென்று, இறந்த பறவைகளை வரிசையாகக் கிடத்திப் படமெடுத்தார். அப்படத்தைக் கண்டு மனம் பொறாத ரோசலி எட்ஜ் என்னும் நியூயார்க் அம்மையார், 1934-இல் அம்மலைப்பகுதியில் சுமார் 1,400 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். இடம் தம் கைக்கு வந்துவிட்டது. இனி இங்குச் சுடக்கூடாது என்றார். காவலுக்கு மாரிஸ் ப்ரௌன் என்னும் இளைஞரையும் அவர் மனைவி இர்மாவையும் அமர்த்தினார். துப்பாக்கியோடு வந்தவர்களைத் தடுத்துத் திருப்பி அனுப்பும் கடினமான பணியை அத்தம்பதிகள் செய்தனர். அதோடு மாரிஸ் ப்ரௌன் மற்றொரு காரியமும் செய்தார். முகட்டின் பாறைமீது அமர்ந்து, கடந்து செல்லும் பறவைகளை இனவாரியாக எண்ணி நாள்தோறும் எழுதி வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது மூன்றாண்டுகள் தடைப்பட்டதைத் தவிர, அந்தக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது. எண்ணுவோர் பலமுறை மாறிவிட்டனர், ஏடு நிற்கவில்லை.

அன்பர்களே, எழுதுகிறவர்களாகிய நம்மில் பலருக்கு இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். சுடுவதைத் தடுத்தாயிற்று, அதன்பின் எண்ணுவதனால் பயன் என்ன? உண்மையைச் சொன்னால், முதலாண்டில் எழுதியவருக்கே அதன் முழுப்பயனும் தெரிந்திருக்க இயலாது. பயன் சுமார் 25 ஆண்டுகளுக்குப் பின்னர் வந்தது.

அமெரிக்காவின் தேசியப் பறவை வெண்தலைக் கழுகு. வளர்ந்த கழுகுக்குத்தான் தலை வெண்மையாக இருக்கும். குஞ்சுப் பருவம் கடந்த இளங்கழுகு உடல் முழுதும் கருமை. வெண்தலை வருவதற்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகள் ஆகும். ஆகவே கீழிருந்து பார்ப்பவரும் இளையது எது, முதியது எது என்று பிரித்து எழுத முடிந்தது. 1935 முதல் 1939 வரையிலான ஏடுகளில், முகட்டைக் கடந்த வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளங்கழுகுகள். 1955 முதல் 1959 வரையிலான ஏடுகளில் நூற்றுக்கு 20 மட்டுமே. 1957-ஆம் ஆண்டிலோ முதிய கழுகுகள் முப்பத்திரண்டுக்கு ஓர் இளங்கழுகுதான் இருந்தது. முதியவை வந்துகொண்டிருந்தன, ஆனால் அவற்றிற்குப் பிள்ளைகள் இல்லை. பெரியோர் மட்டும் நடமாடி, குழந்தைகளின் ஒலியே கேளாத ஒரு தெருவை எண்ணிப் பாருங்கள். வெளித்தோற்றத்திற்குத் தெரு நிறைந்திருக்கும். ஆனால் அந்தத் தெரு முடிந்துகொண்டிருக்கிறது.

ரேச்சல் கார்சன் என்னும் அம்மையார் 1962-இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' என்னும் நூலில் இந்த எண்களை எடுத்துக்காட்டினார். டி.டி.டி. என்னும் பூச்சிமருந்தை நாம் அறிவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது வயல்களிலும் காடுகளிலும் அளவின்றித் தெளிக்கப்பட்டது. அது நீரில் கலந்து, மீனுக்குள் சென்று, மீனை உண்ணும் கழுகின் உடலில் சேர்ந்தது. அதனால் முட்டையின் ஓடு மெலிந்து, தாய்ப்பறவை அடைகாக்க அமர்ந்த அளவிலேயே உடைந்துபோகும் என்பதைப் பின்னர் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். 1972-இல் அமெரிக்கா அம்மருந்தின் பயன்பாட்டிற்குத் தடை விதித்தது. மெல்ல மெல்லக் கழுகுகள் பெருகின. 2007-இல் அந்நாட்டின் அழிவபாயப் பட்டியலிலிருந்தே வெண்தலைக் கழுகு நீக்கப்பட்டது.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. 1935-இல் மாரிஸ் ப்ரௌன் பாறைமீது அமர்ந்து எழுதியபோது டி.டி.டி. பூச்சிமருந்தாகப் பயன்படத் தொடங்கவே இல்லை. எந்த வழக்கில் சாட்சியாக நிற்கப் போகிறது என்று அறியாமலேயே அக்கணக்கு எழுதப்பட்டது. 1960-இல் ஒருவர் விழித்துக்கொண்டு, 'இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இளங்கழுகுகள் எத்தனை?' என்று கேட்டிருந்தால், புதிதாக யாராலும் எண்ணிச் சொல்லியிருக்க முடியாது. கடந்துபோன பறவையை மீண்டும் அழைத்து எண்ண இயலாது. அன்றன்று எழுதினால் உண்டு. இல்லையேல் என்றுமே இல்லை.

இதனைப் படித்தபோது எங்களுள் இருவருக்கு மனம் மிகவும் வருந்தியது. ஏன் என்பதை இம்மேடையில் சொல்லிவிடுவதே நேர்மை.

சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், பணியில் புதிதாகச் சேர்ந்த காலத்தில், நாங்கள் இருவரும் வேறொரு சிறு நிலையத்தில் பார்சல் பிரிவில் மாறிமாறி ஷிப்டுப் பார்த்து வந்தோம். கொட்டடியில் டெலிவரி எடுக்காத மூட்டைகள் எத்தனை என்று ஒவ்வொரு நாள் காலையும் எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு துணி வியாபாரியின் மூட்டைகள் 32 வந்து இறங்கின. மறுநாள் குளிர் மிகுதி. எண்ணாமலேயே முதல்நாள் கணக்கின்கீழ் 'மேற்படி' என்று எழுதினோம். மூன்றாம் நாளும் மேற்படி. நான்காம் நாளும் மேற்படி. ஐந்தாம் நாள் வியாபாரி வந்தபோது மூட்டைகள் 24-தான் இருந்தன.

எட்டு மூட்டைகள் எப்போது போயின? எங்கள் பதிவேட்டின்படி நான்காம் நாள் காலைவரை எல்லாம் சரியாக இருந்தன. ஆகவே பழி, அதன்பின் கொட்டடியில் வேலை செய்த ஒருவர்மீது விழுந்தது. அவர் சுமைதூக்கும் முதியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். "நான் எடுக்கவில்லை, பாபுஜி" என்பதைத் தவிர அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டனர். ஒரு மாதம் கழித்து உண்மை வெளிப்பட்டது. இரண்டாம் நாளே அந்த எட்டு மூட்டைகளும் வேறொரு வியாபாரியின் சரக்கோடு தவறுதலாகச் சென்றிருந்தன. எங்களுக்குக் கிடைத்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டுமே. அம்முதியவரைத் தேடினோம். அவர் தம் கிராமத்திற்குச் சென்றுவிட்டார் என்றனர். எந்தக் கிராமம் என்று கூறுவோர் இல்லை. அவரை நாங்கள் மீண்டும் காணவே இல்லை.

இரண்டாம் நாள் காலையில் எழுந்து சென்று எண்ணியிருந்தால் 24 என்று எழுதியிருப்போம். அந்த எண் அவருக்குச் சாட்சியாக நின்றிருக்கும். நாங்கள் பொய் எழுத நினைக்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதினோம், அவ்வளவே. அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

நிற்க. நம் நாட்டிலும் பறவைக் கணக்கு ஒன்று பேருண்மையை வெளிக்கொணர்ந்திருக்கிறது. செத்த மாட்டை உண்டு ஊரைத் தூய்மை செய்யும் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகை நம் பாட்டனார் காலத்தில் காணாதவர் இல்லை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிப்பொழுதில் வந்து அமுதுண்ட இரு கழுகுகளும் பாறு இனத்தைச் சேர்ந்தவையே. குழந்தைப் பருவத்தில் பெற்றோர் தோள்மீதமர்ந்து அவற்றைக் கண்டவர்கள் இக்கூட்டத்திலும் இருப்பீர்கள். இப்போது அவை வருவதில்லை. ராஜஸ்தானத்தில் பரத்பூர் சரணாலயத்தில் வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை 1980-களின் பிற்பகுதியில் எண்ணி வைத்திருந்தனர். சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் அவர்கள் மீண்டும் எண்ணியபோது பாதிகூட இல்லை. வட இந்தியச் சாலைகளிலும் வண்டியிற் சென்றவாறு ஒரே வழித்தடங்களில் வெவ்வேறு ஆண்டுகளில் எண்ணினர். 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்னும் அளவிற்குக் குறைந்துவிட்டது தெரிந்தது.

காரணம் டைக்ளோபினாக் என்னும் வலிநிவாரணி என்று 2004-இல் ஆய்வு வெளிவந்தது. நோயுற்ற மாட்டிற்கு அம்மருந்தைக் கொடுப்பர். மாடு இறந்தால் பாறு அதனை உண்ணும். சிறுநீரகம் கெட்டு மடியும். 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. முன்னைக் கணக்கு இல்லாதிருந்தால், 'எங்கேயோ வேறிடம் போயிருக்கும்' என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்திருப்போம்.

இனி நம் மலைக்கு வருவோம். தௌலாதார் ஓரமாகச் செல்பவற்றில் பெரும்பான்மை ஸ்டெப்பிக் கழுகுகள். கஜகஸ்தான், மங்கோலியா முதலிய நாடுகளின் பரந்த புல்வெளிகளில் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை. குளிர்காலத்தைக் கழிக்க இந்தியா, அரபு நாடுகள், ஆப்பிரிக்கா ஆகிய இடங்களுக்குச் செல்கின்றன. வடக்கேயிருந்து வருவன தெற்கு நோக்கியல்லவா போக வேண்டும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் இமயத்தின் தென்சரிவை ஒட்டி அவை கிழக்கிலிருந்து மேற்காகச் செல்கின்றன. 2001-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டென் பெஸ்டன் என்னும் ஐரோப்பியர் தரம்சாலா அருகே அமர்ந்து அவற்றை ஆயிரக்கணக்கில் எண்ணினார். நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளின் அடிவாரத்தில் தூலாகர்க்கா என்னுமிடத்திலும் எண்ணி வருகின்றனர்.

ஸ்டெப்பிக் கழுகு 2015-இல் உலக அளவில் அழிவபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குளிர்காலத்தில் அதுவும் செத்த மாட்டைத் தேடி வருவதுண்டு. ராஜஸ்தானத்தில் பிகானேர் அருகே இறந்து கிடந்த ஸ்டெப்பிக் கழுகுகளின் உடலிலும் அதே டைக்ளோபினாக் மருந்து காணப்பட்டதாக 2014-இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஆகவே நம் மாடியிலிருந்து தெரியும் மலையோரத்தில் செல்வன, பாறுகளின் விதியைத் தாமும் அடையக்கூடிய நிலையில் உள்ள பறவைகள்.

சென்ற நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எங்கள் வரிசையைச் சேர்ந்த நான்கு குடும்பத்தார், சிறியோர் பெரியோர் பதினொருவர், அதனைக் காணச் சென்றோம். சனிக்கிழமை பஸ்ஸில் தரம்சாலா. மறுநாள் காலை தரம்கோட்டிற்கு மேலே ஒரு முகடு. எலுமிச்சம்பழச் சாதமும் தயிர்சாதமும் கட்டி எடுத்துக்கொண்டோம். கீழே காங்கிரா பள்ளத்தாக்கு. பின்னால் சுவர்போல் எழும் பாறைமலை. கையில் இரண்டு நோட்டுப் புத்தகங்கள்: ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று குழந்தைகளுக்கு.

எண்ணும் முறையை அப்பெண்ணே எங்களுக்குக் கற்பித்தாள். முதலில் நாம் அமர்ந்த இடத்திலிருந்து எதிரேயுள்ள ஒரு மரம்வரை மனத்தால் கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். அக்கோட்டை மேற்காகக் கடக்கும் பறவையை மட்டுமே எண்ண வேண்டும். பல பறவைகள் ஒன்றாகச் சுற்றி மேலேறும்போது எண்ணக்கூடாது. எண்ணினால் ஒன்றையே மும்முறை எண்ணிவிடுவோம். அவை உச்சியை அடைந்து வரிசையாக வழுக்கிச் செல்லும்போது எண்ண வேண்டும். மணிக்கு மணி தனித்தனியே எழுத வேண்டும். காற்றின் திசை, மேகம், எண்ணியவர் எத்தனை பேர் என்பனவும் வேண்டும். இனம் தெரியாவிட்டால் 'இனம் தெரியவில்லை' என்றே எழுத வேண்டும். இளங்கழுகின் சிறகின் அடியில் நீண்ட வெள்ளைப் பட்டை தெரியும். அதைத் தனியே குறிக்க வேண்டும்.

பத்து மணி முதல் பதினொரு மணி வரை ஒரு கழுகும் வரவில்லை. எங்களுள் மூத்தவர், "ஒன்றும் வராததை எதற்கம்மா எழுதுவது? விட்டுவிடு" என்றார். அதற்கு அப்பெண், "மாமா, பார்த்திருந்தும் வரவில்லை என்பது வேறு, பார்க்கவே இல்லை என்பது வேறு. வெற்றிடமாக விட்டால் எது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. பூஜ்யம் என்று எழுதுங்கள்" என்றாள். மேற்படி எழுதிய கைகள் அன்று பூஜ்யத்தை எழுதின.

பதினொன்றே காலுக்கு முதற்கழுகு வந்தது. சிறகை ஒருமுறைகூட அசைக்கவில்லை. எங்கள் கண்ணுக்குச் சற்றே மேலாக, மெயில் வண்டி சிறு நிலையத்தைக் கடப்பதுபோல், எங்களைத் திரும்பியும் பாராமல் சென்றது. அதன்பின் இரண்டு, மூன்று, ஐந்தெனத் தொடர்ந்து வந்தன. குழந்தைகள் கூச்சலிடுவதை மறந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தனர். மங்கோலியாவிலிருந்து வருகின்றன என்று சொல்லக் கேட்ட எங்கள் வீட்டு அம்மையார் ஒருவர், "பாவம், அவையும் பிழைப்புக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகின்றன" என்றார். அதற்கு மறுமொழி கூற எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று மணிக்குக் கணக்கை முடித்தோம். பெரியவர்களின் நோட்டில் 47. குழந்தைகளின் நோட்டில் 52. பெரியவர்கள் கணக்கே சரியென்று கூறிக் குழந்தைகளின் எண்ணை அடித்துவிட எங்களுக்கு ஆசைதான். ஆயினும் அமர்ந்து மணிவாரியாக ஒப்பிட்டோம். அம்மலையிலேயே வாழும் இமயப் பாறுகள் ஐந்து, மேற்கே சென்று பின்னர்த் திரும்பி வந்ததைக் குழந்தைகள் கவனிக்கவில்லை. அவர்கள் பக்கம் பிழை ஐந்து. ஆனால் வெள்ளைப்பட்டை உள்ள இளங்கழுகுகளைப் பெரியவர்கள் ஆறு என்று எழுதியிருக்க, குழந்தைகள் ஒன்பது என்று எழுதியிருந்தனர். அங்கே கூரிய கண்ணுக்குத்தான் வெற்றி. இரண்டு கணக்கையும், வேறுபாட்டின் காரணத்தையும் அப்படியே எழுதிப் பதினொருவரும் கையெழுத்திட்டோம்.

ஒருநாள் எண்ணியதனால் நாங்கள் அறிஞராகிவிடவில்லை. 47 என்னும் எண் தனியே நின்றால் அதற்குப் பொருளும் மிகுதியாக இல்லை. அதன்கீழ் அடுத்த ஆண்டின் எண்ணும், அதற்கடுத்த ஆண்டின் எண்ணும் வந்து சேர்ந்தால்தான் அது பேசத் தொடங்கும். ஆகவே இச்சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இதுவே. ஆண்டுதோறும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, நம் காலனியிலிருந்து சிலர் அதே முகட்டிற்குச் சென்று, அதே மரத்தைக் குறியாகக் கொண்டு, பத்து மணி முதல் மூன்று மணிவரை எண்ணி எழுத வேண்டும். 'ஈபேர்ட்' என்று உலகத்தார் பொதுவில் பேணும் இணையப் பதிவேடு ஒன்று உளது. எவரும் தம் பறவைக் கணக்கை அதில் சேர்க்கலாம். நம் கணக்கின் பிரதியை அதில் சேர்க்கும் பொறுப்பை அப்பெண் ஏற்றிருக்கிறாள். மூலப் பதிவேடு நம் சங்க அலமாரியில், உறுப்பினர் பதிவேட்டின் பக்கத்தில் தமிழிலேயே இருக்கட்டும்.

நமக்கேன் இவ்வேலை, நாம் இந்த ஊராரா என்று சிலர் கேட்கலாம். எங்களுள் இருவருக்கு மாற்றல் உத்தரவு வரும் காலம் நெருங்கிவிட்டது. இம்மேடையில் அமர்ந்திருப்போரில் பலர் இன்னும் பத்தாண்டுகளில் ஓய்வு பெற்றுத் தெற்கே சென்றுவிடுவோம். அப்போது இந்த ஊரில் நாம் வாழ்ந்ததற்கு என்ன அடையாளம் இருக்கும்? நாம் விட்டுச் சென்ற குவார்ட்டர்ஸில் வேறொருவர் குடியேறிவிடுவார். இம்மலையை நாம் தலைதூக்கிப் பார்த்தோம், பார்த்ததை உள்ளபடி எழுதினோம் என்பதற்கு ஓர் ஏடேனும் இருக்கட்டும். என்றோ ஒருநாள் யாரோ ஒருவருக்கு அதில் ஓர் எண் சாட்சியாக வேண்டியிருக்கும்.

தலைவர் அவர்களே, பைண்டு செய்த அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறோம். அதில் ஒரு பக்கம் எழுதியாகிவிட்டது. பாக்கியுள்ள 199 பக்கங்களுக்கும் எண்ணிட்டு வைத்திருக்கிறோம். முகப்பில் ஒரே ஒரு விதியை மட்டும் எழுதியிருக்கிறோம்: 'இதில் எவரும் மேற்படி என்று எழுதலாகாது.' இதனைச் சங்கத்தின் சார்பில் தாங்கள் ஏற்றருள வேண்டும். அடுத்த நவம்பரில் இரண்டாம் பக்கத்தை எழுத முன்வருவோர் இவ்விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். குழந்தைகளுக்கு முன்னுரிமை உண்டு. உங்கள் கண்ணே கூரிய கண்.